சந்தனம் பூசிய தலைகாட்டி

எங்கள் ஊரில் எந்தப் பொருளையும் ஒற்றையாக வாங்குகிறவனை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். சீப்பு வாங்கப் போனாலும் டஜன் என்ன விலை என்றுதான் முதலில் கேட்போம்; தலையில் முடி இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். ஆகவே தலைகாட்டிகள் விற்பனைக்கு வந்த வருஷம், விருதுநகர் பஜார்க்காரர்கள் நாங்கள் ஒன்றுகூடி, மொத்தமாகவே எடுத்துவிடுவது என்று முடிவு செய்ததில் ஆச்சரியம் இல்லை.

தலைகாட்டி என்பது வீட்டு உபயோகப் பொருள். மிக்ஸி, கிரைண்டர் மாதிரி. முகூர்த்த மாதத்தில் ஒரு வியாபாரிக்கு ஒரே நாளில் நாலு கல்யாணம், இரண்டு சடங்கு, ஒரு புதுமனை வந்து நிற்கும். போகாவிட்டால் பகை, போனால் கடை போச்சு. "சும்மா தலையை மட்டும் காட்டிட்டு வந்துருங்க" என்று வீட்டில் சொல்வார்கள் அல்லவா, அந்தத் தலையைச் செய்து கொடுத்தது ஒரு கம்பெனி. உங்கள் முகத்தை அச்செடுத்து, ஆள் உயரப் பொம்மைமேல் பொருத்தி, வேட்டி சட்டை மாட்டினால் தீர்ந்தது. கும்பிடும், தலையாட்டும், உட்காரும், எழும், நடக்கும், சிரிக்கும், அழும். ஆடுவதற்கும் ஒரு பட்டன் உண்டு. பேச மூன்றே வாக்கியங்கள்: "வாங்க வாங்க, நல்லாருக்கீங்களா?" "ஏற்பாடெல்லாம் பிரமாதம்." "கடையில ஆள் இல்ல, இன்னொரு நாள் சாவகாசமா வர்றேன்." விசேஷ வீட்டில் மனிதன் பேசுவது மொத்தமே இவ்வளவுதான் என்று கம்பெனிக்காரன் எங்களைக் கூர்ந்து கவனித்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

பேரம் என் எலெக்ட்ரானிக்ஸ் கடையில்தான் நடந்தது.

"சார், இது ரிமோட்ல ஓடுறது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். டார்ச் அடிக்கிற மாதிரி, எதிர்ல இருக்குற எல்லாப் பொம்மை மேலயும் விழும். அதனால பொம்மைக்குப் பொம்மை தனி நம்பர் போடணும். அதுக்கு ஒரு சின்ன சில்லு வேணும், அதுக்குத் தனி விலை" என்றான் கம்பெனி ஆள்.

"தம்பி, எல்லாம் ஒரே பஜாரு. ஒரே தண்ணியக் குடிக்கிறோம். எதுக்குத் தனித்தனி நம்பர்? எல்லாத்துக்கும் ஒண்ணையே போடு, விலையக் கொற" என்றார் மிளகாய் வத்தல் மண்டி முதலாளி ஒருவர்.

கம்பெனி ஆள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நாங்கள் யாரும் அனுமதிக்கவில்லை. விலை குறைந்தது.

அடுத்த முகூர்த்தத்திலேயே தெரிந்துவிட்டது. மண்டபத்தில் ஒருவர் தன் பொம்மையை உட்காரச் சொன்னால், தாலி கட்டும் நேரம் பார்த்து அத்தனை பொம்மைகளும் உட்கார்ந்தன. ஒருவர் நடக்கச் சொன்னால், முதல் வரிசை முழுவதும் எழுந்து பந்தியைப் பார்த்து நடந்தது. மனிதர்களே அப்படித்தானே என்று சிரித்துக்கொண்டோம். ராஜக்கனியின் அப்பா இறந்த அன்றைக்குத்தான் சிரிப்பு நின்றது.

ராஜக்கனி பருப்பு வியாபாரி. பெரிய கை, பெரிய மீசை, பெரிய கோபம். ஒரே தங்கை சுடர்விழி. அவளை உள்ளூரிலேயே பிரதாப் என்கிற மாப்பிள்ளைக்குக் கொடுத்திருந்தது. மாமனார் சாவுக்கு மருமகன் வர வேண்டுமா இல்லையா? அன்றைக்கு வத்தல் ஏலம். "ஏலம் முடிஞ்சதும் வந்துருவோம்" என்று எண்ணி, பிரதாப் முதலில் தலைகாட்டியை அனுப்பினான். அது வந்து, மருமகன் நிற்க வேண்டிய இடத்தில், தலைமாட்டில் நின்றது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு போனது. போட்டோவுக்காக அந்த ஊர்வலத்தில் யாரோ தங்கள் பொம்மைகளைப் பார்த்து 'சிரி' பட்டனை அமுக்கினார்கள். வெளிச்சத்துக்குக் கல்யாணம் எது, சாவு எது என்று தெரியுமா? பந்தலில் இருந்த பொம்மைகள் எல்லாம் கெக்கெக்கே என்று சிரித்தன. மற்றதை எல்லாம் மன்னித்துவிடலாம்; பிணத்தின் தலைமாட்டில் நின்ற மருமகன் முகம் பல்லைக் காட்டிச் சிரித்ததை எப்படி மன்னிப்பது?

ராஜக்கனி துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்கப்பன் பொணத்தப் பாத்துச் சிரிச்ச வீடு. அந்த வீட்டு வாசப்படிய இனி என் கால் மிதிக்காது. இது சத்தியம்."

பிரதாப் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவனும் வாய் திறந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தெரியாத ஜாதி ஆண்கள் இருக்கிறார்களே, அதில் ஒருவன்.

அதற்கப்புறம் பொம்மைகளைத் தனித்தனியாக இயக்க வழி தேடினோம். கம்பெனி ஆளைக் கூப்பிட்டால், பொம்மையின் நெற்றிப்பொட்டில்தான் வெளிச்சம் வாங்கும் கண் இருக்கிறது, அதில் ஓர் அட்டைக் குழலைச் செருகிவிட்டால் நேர் எதிரே நிற்கிறவர் சொல்வதை மட்டும் கேட்கும் என்றான். செருகிப் பார்த்தோம். ஒரு சடங்கு வீடு முழுக்க ஒற்றைக்கொம்பு மாடுகள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கடைசியில் வழியைக் காட்டியது சந்தனம். வாசலில் நின்ற ஒரு பெண்மணி, பொம்மை என்றும் பாராமல், வந்தவருக்குச் செய்யும் மரியாதையை அதற்கும் செய்து நெற்றியில் சந்தனத்தை அப்பிவிட்டாள். அது அன்று முழுக்க அசையவில்லை. விபூதி பூசினால் பாதிச் செவிடு, சந்தனம் அப்பினால் முழுச் செவிடு. எது அசையக் கூடாதோ அதற்குப் பூசு, எது அசைய வேண்டுமோ அதைத் துடை. காய்ந்தால் உதிர்ந்துவிடும், அவ்வப்போது புதிதாக அப்ப வேண்டும், அவ்வளவுதான்.

சில்லு வாங்காமலே சமாளித்துவிட்ட பெருமையில் பஜாரே மிதந்தது. என்னை, அதாவது கடைக்காரத் தருமரை, விசேஷ வீடுகளுக்கு ஈரத் துண்டும் சந்தனக் கிண்ணமும் ரிமோட்டுமாக அழைத்துப் போக ஆரம்பித்தார்கள். பட்டனை அமுக்கும்போதே "உக்காரு!" "எந்திரி!" என்று வாய்விட்டுச் சொல்வது என் பழக்கம். கடை வைக்கும் முன் வத்தல் ஏலம் கூறிய வாய், சும்மா இருக்காது.

ஒருநாள் சுடர்விழி கடைக்கு வந்தாள், மகன் நிலனை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"தருமரண்ணாச்சி, இவனுக்குக் காது குத்தணும். ரெண்டு தடவ தள்ளிப் போட்டாச்சு."

"குத்த வேண்டியதுதானம்மா."

"யார் மடியில உக்காத்தி?"

தாய்மாமன் மடி இல்லாமல் எங்கள் பக்கம் காதுகுத்து கிடையாது.

"அண்ணன்கிட்டப் போனேன். 'எம் பொம்மை வரும்'னுட்டாரு. நாளைக்கு இவன் வளந்து எந்தாய்மாமன் மடி எதும்மான்னு கேட்டா என்னத்தக் காட்டுறது? பிளாஸ்டிக் சேரையா?" கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை, அண்ணனின் அழுத்தம் அவளுக்கும் உண்டு. "ஒண்ணு சொல்றேன் அண்ணாச்சி. இதுக்கும் அவரு வராட்டி, எங்கப்பாவோட எங்கண்ணனும் போய்ட்டாருன்னு நெனச்சுக்கிடுவேன். அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் திரும்ப மாட்டேன். இத அவருகிட்டச் சொல்லிருங்க."

போனேன். ராஜக்கனி கல்லாவில் உட்கார்ந்து துவரம்பருப்பை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன். பருப்பு உருளுவது மட்டும் நின்றது.

"பேரம் பேசாதீங்க தருமரண்ணாச்சி. இது பருப்பு இல்ல. சத்தியம்."

"சத்தியத்துலயும் கழிவு உண்டுண்ணாச்சி. எடைக்கல்லுக்கே உண்டு."

"எந்திரிங்க மொதல்ல."

"எந்திரிக்கிறேன். நீங்க என்ன சொன்னீங்க? கால் மிதிக்காதுன்னுதான? உடம்பு போகாதுன்னு சொல்லலியே?"

"காலு இல்லாம உடம்பு எப்படிய்யா போகும்? எலேய், இவரு சட்டையப் புடிச்சு வெளிய விடுங்கடா!"

விட்டார்கள். என் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

காதுகுத்து அன்று காலை. பிரதாப் வீட்டு வாசற்படி பழைய காலத்துக் கல், முழங்கால் உயரம். தலைகாட்டிகள் தாண்டமாட்டா, தடுக்கி விழும். ஆகவே சுமைதூக்கும் மூக்கையா வேனில் இருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி, படிக்கு மேலாகக் கொண்டுபோய்க் கூடத்தில் இறக்கினான். ஒரு பொம்மை எடை அரைமூட்டைதான். கடைசியாக ஓர் ஆட்டோ வந்தது. உள்ளே கழுத்துவரை பாலிதீன் சுற்றிய ராஜக்கனி பொம்மை, புத்தம்புதிதாக.

"இந்தப் பொம்மைக்கு மட்டும் என்னண்ணாச்சி, கல்லு கட்டித் தொங்க விட்டுருக்காக?" மூக்கையா முக்கினான்.

"பெரிய ஆளு. பெரிய பேட்டரியா போட்டுருப்பாரு."

"மூட்டை தூக்குற எனக்கு எட தெரியாதா? இது முக்கா குவிண்டால்!" என்று முனகிக்கொண்டே படியைத் தாண்டி இறக்கினான். பாலிதீனை உருவினோம். என்ன தத்ரூபம்! மீசையில் ஒரு முடி நரைத்திருந்ததைக்கூட விடவில்லை. கம்பெனிக்காரனை மனதுக்குள் பாராட்டினேன்.

சுடர்விழி சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக வந்தாள். பொம்மைகளுக்கு எல்லாம் நெற்றி நிறைய அப்பினாள். அண்ணன் பொம்மை முன்னால் வந்ததும் அவள் விரல் அதன் நெற்றியில் பட்டபடியே நின்றுவிட்டது. ஒரு மூச்சு நேரம். அப்புறம் மற்ற எதற்கும் இல்லாத கனத்தில் சந்தனத்தை அள்ளி அப்பினாள்.

"யம்மா, அதுக்குப் பூசாத! அதத்தான நான் இயக்கணும்!"

"பூசிட்டேனே அண்ணாச்சி. தொடச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பியும் பாராமல் உள்ளே போனாள்.

ஆசாரி ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் சீர்த்தட்டுகளைப் பரப்பினார்கள். பிரதாப் ஒரு தூணோடு ஒட்டி நின்று, ராஜக்கனி பொம்மையை முறைத்துக்கொண்டிருந்தான். பொம்மையிடம் முறைப்பது எளிது. நேரமாகிவிட்டது என்று யாரோ அவசரப்படுத்த, நெற்றியைத் துடைக்க மறந்து நான் பட்டனை அமுக்கினேன்.

"நட! உக்காரு!"

ராஜக்கனி பொம்மை நடந்து போய் மணையில் உட்கார்ந்தது.

சபாஷ் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் கண்ணில் பட்டது. அதன் நெற்றியில் இரண்டு விரல் கனத்துக்குச் சந்தனம். முழுச் செவிடு. அது எப்படிக் கேட்டது?

ரிமோட்டை வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டேன். வெறும் வாயால், ரகசியம் போலச் சொன்னேன்: "கும்பிடு."

பொம்மை கும்பிட்டது.

பொம்மை இல்லை, ஆளேதான் என்று புரிந்தது. அதற்குப் பின்னாலேயே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு சிரிப்பும் பொங்கி வந்தது. ஊரில் யாரிடமும் ஒரு படிகூட இறங்காத ராஜக்கனி, என் வாய்க்கு ஆடுகிறார்! ரிமோட்டை உருவி, ஆட்டப் பட்டனுக்கு நேராகக் கட்டைவிரலைக் கொண்டுபோனேன். பொம்மையின் விழி ஓரமாக உருண்டு என் கட்டைவிரலைப் பார்த்தது. அதில் தெரிந்த கெஞ்சலையும் கொலைவெறியையும் பார்த்து, விரலை எடுத்துவிட்டேன். நானும் அந்த பஜாரில் பிழைக்க வேண்டும்.

நிலனைத் தூக்கி மடியில் வைத்தார்கள். பையன் அண்ணாந்து பார்த்து, மீசையைப் பற்றி ஓர் இழுப்பு இழுத்தான். பொம்மையின் தாடை இறுகியது; அசையவில்லை.

ஆசாரி முதல் காதில் ஊசியை இறக்கினார். பையன் போட்ட அலறலில் தட்டில் இருந்த பழம் உருண்டது. கூடவே அவன் பெய்ததில் பொம்மையின் வேட்டி மடி நனைந்து, மணையிலும் வழிந்தது.

"தண்ணி! மெஷின்ல தண்ணி பட்டுருச்சு! ஷாக்கடிக்கும், புள்ளயத் தூக்குங்க!" கூடமே கத்தியது. பிரதாப் தூணை விட்டுப் பாய்ந்தான்.

சுடர்விழி குறுக்கே கையை நீட்டினாள். "ஒண்ணும் ஆகாது. இருக்கட்டும்."

"கரண்டு புள்ள!"

"அந்தக் கரண்டு எம்புள்ளைய ஒண்ணும் செய்யாது."

பிரதாப் மனைவியைப் பார்த்தான். பொம்மையைப் பார்த்தான். நீட்டிய கை அப்படியே கீழே இறங்கியது.

மிச்சம் இருந்தது இரண்டாவது காது. அந்த நேரத்தில்தான் பஜாருக்குப் போயிருந்த மூக்கையா மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, கூத்தக் கேளுங்க! ராஜக்கனியண்ணாச்சி கடையில கூட்டம் அள்ளுது. மனுசன் கல்லாவுல உக்காந்துகிட்டு, கணக்கப்பிள்ளை ஃபேன் ரிமோட்ட அமுக்கும்போதெல்லாம் தலைய ஆட்டுறாரு! துவரம்பருப்ப யாரு என்ன விலைக்குக் கேட்டாலும் 'ஏற்பாடெல்லாம் பிரமாதம்'ங்காரு! பஜாரே சாக்கோட ஓடுது!"

நான் மணையைப் பார்த்தேன். பொம்மையின் முகம் வெளுத்துவிட்டது. தொடைகள் எழுந்துவிடத் துடிப்பது ஈர வேட்டிக்கு மேலாகவே தெரிந்தது. இப்போதே கடைக்கு ஓடினால் கிட்டங்கியில் இருக்கும் சரக்காவது பிழைக்கும். பருப்பு வியாபாரிக்குப் பருப்பு என்றால் சும்மாவா?

நிலன் விம்மிக்கொண்டே அந்த மார்பில் முகத்தைப் புதைத்தான்.

பொம்மையின் கைகள், நான் ஒன்றும் சொல்லாமலே, மெல்ல எழுந்து பையனை அணைத்துக்கொண்டன. தொடைகள் அடங்கின.

ஆசாரி இரண்டாவது காதைக் குத்தினார். பையன் "மாமா!" என்று கத்தினான். யார் சொல்லிக் கொடுத்தார்களோ. அந்த ஒரு சொல்லில் பொம்மையின் இரண்டு கண்ணும் உடைந்து, கன்னத்தில் தாரையாக ஓடியது.

"அய்யய்யோ, பொம்மை அழுவுது பாருங்களேன்! பட்டன அமுக்காம எப்படி அழுவுது?" என்றது ஒரு பெண் குரல்.

இனி ஒரு நொடி தாமதித்தால் குட்டு உடைந்துவிடும். ஊர்வாயில் சத்தியமும் போகும், மானமும் போகும். நான் கையை உயர்த்தி, என் தொண்டையில் இருந்த அத்தனை ஏலத்தையும் திரட்டிக் கத்தினேன்: "அழு!"

பட்டனையும் உண்மையாகவே அமுக்கினேன். ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். ஃபேன் காற்றில் மற்ற பொம்மைகளின் சந்தனம் எப்போதோ காய்ந்து உதிர்ந்திருந்தது. கூடம் முழுக்க வரிசையாக உட்கார்ந்திருந்த பஜார்ப் பெரியமனிதர்கள் அத்தனை பேரும் ஒரே சுருதியில் ஓவென்று ஒப்பாரி வைத்தார்கள். வத்தல் மண்டி அழுதது, எண்ணெய்ச் செக்கு அழுதது, பாத்திரக்கடை மூக்கைச் சிந்தியது. ஒரு நிமிஷம் திகைத்த ஜனம், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தது. அழுதுகொண்டிருந்த நிலனும் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தான். சாவு வீட்டில் பொம்மைகள் சிரித்தன, நாங்கள் அழுதோம். அந்தக் கணக்கு அன்றைக்கு நேராயிற்று.

சிரிக்காத ஆள் இருவர். ஒருவர் பொம்மை என்பதால் சிரிக்க முடியவில்லை. இன்னொருவன் பிரதாப். அந்த நெற்றியையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவற்றில் எல்லாம் உதிர்ந்துபோன சந்தனம், அதில் மட்டும் வியர்வையில் குழைந்து மூக்கு வழியே இறங்கிக்கொண்டிருந்தது.

பந்தி தொடங்கியது. சுடர்விழி என் காதோரம் வந்தாள். "அண்ணாச்சி, அந்தப் பொம்மைக்குச் சார்ஜ் ஏத்தணும். உள் ரூம்ல விட்டுருங்க. இல போட்டு வச்சுருக்கேன்."

"சார்ஜுக்கு எதுக்கும்மா இல?"

"அது இலையிலதான் ஏறும்."

உள்ளே கொண்டுபோய் விட்டேன். மாற்று வேட்டியும் தயாராக வைத்திருந்தாள். நான் கதவோரம் நின்றிருக்க, பிரதாப் ஒரு செம்பில் தண்ணீரோடு வந்தான். இலைக்கு முன்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்த பொம்மைக்குப் பக்கத்தில் செம்பை வைத்தான். போகவில்லை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பேசினான்.

"தருமரண்ணாச்சி, பொம்மகிட்டப் பேசுனா ஒண்ணும் தப்பில்லல்ல?"

"பொம்மதான மாப்ள. என்ன வேணா பேசலாம்."

"அன்னிக்கு நான் வந்திருக்கணும். ஏலம் கெடக்குன்னு நெனச்சிருக்கக் கூடாது. மாமா கடைசியா என் மொகத்தப் பாத்தது..." சுவரை நகத்தால் சுரண்டினான். "அது சிரிச்ச மொகமாப் போச்சு. அது என் மொகம் இல்ல. மனுசங்ககிட்ட இதச் சொல்ல எனக்கு வாய் வரல."

அறையில் சாம்பார் வாசனை மட்டும் இருந்தது. பொம்மை தலையைத் திருப்பாமல், தளும்பிய குரலில், தனக்குத் தெரிந்த வாக்கியத்தைச் சொன்னது:

"வாங்க வாங்க. நல்லாருக்கீங்களா?"

பிரதாப் முகத்தைப் பொத்திக்கொண்டான். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். வெகுநேரம் கழித்து சுடர்விழி எடுத்து வந்த இலையில் ஊறுகாய்கூட மிச்சம் இல்லை. ரசத்துக்கு மட்டும் உப்பு குறைவு என்று பொம்மை சைகை காட்டியதாம்.

சாயங்காலம் மூக்கையா தலைகாட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, படிக்கு மேலாக வெளியே கொண்டுபோனான். கடைசியில் முக்கால் குவிண்டாலைத் தூக்க, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தான்.

"இதத் தூக்க வேண்டாம். நடக்கும்" என்றான் பிரதாப்.

ஆள்கள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். பொம்மை கூடத்தைத் தாண்டி வந்து, அந்தப் பழைய கல் வாசற்படிக்கு முன்னால் நின்றது. தாண்டிவிடலாம். நீளமான கால். ஒரே எட்டில், கல் மேல் படாமல் தெருவுக்குப் போய்விடலாம். சத்தியம் சேதாரம் இல்லாமல் வீடு போய்ச் சேரும். சுடர்விழி பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூச்சுவிடாமல் அந்தக் காலையே பார்த்தாள்.

பொம்மை திரும்பி நிலனின் கன்னத்தைத் தட்டியது. "கடையில ஆள் இல்ல" என்றது. பிறகு தங்கையைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னது: "இன்னொரு நாள், சாவகாசமா, வர்றேன்."

சொல்லிவிட்டு வலது காலைத் தூக்கி, வாசற்படியின் நட்டநடுவில், கல் அதிர அழுத்தி மிதித்து நின்றது. அப்புறம் இடது காலையும் அதே கல்லில் வைத்தது. அதற்கப்புறம்தான் தெருவில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பஜாரைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனது.

மூக்கையா வாயைப் பிளந்துகொண்டு என்னிடம் திரும்பினான். "என்னண்ணாச்சி, இப்படி ஓட விட்டுட்டீங்க! எந்தப் பட்டன அமுக்குனீங்க?"

என் இரண்டு கைகளிலும் வெற்றிலைப் பாக்குப் பை இருந்தது.